முதியோரும் குடற்புண்ணும்

வயிற்றில் வலியும் எரிச்சலும் இருந்தால்தான் குடற்புண் என்று நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். ‘அல்சர்’ என்று மக்கள் கூறும் இந்நோய், அறுபது வயதைக் கடந்தவர்களிடம் வேறு விதமாகவும் வருவதுண்டு. வலி சிறிதும் தோன்றாமலே புண் ஆழமாகி, இரத்தம் கசிந்து, உயிருக்கே ஆபத்து நேரலாம்.

நம் வட்டாரத்துக் கிராமம் ஒன்றில் முதிய உழவர் ஒருவர், முழங்கால் வலிக்காகக் கடையில் மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் உட்கொண்டு வந்தார். மலம் தார்போல் கறுத்தது. உடற்சூடு என்று கருதி இளநீர் அருந்தினார். ஒரு நாள் வயல் வரப்பில் மயங்கி விழுந்தார். அரசு மருத்துவமனையில் இரத்தம் ஏற்றி அவரைக் காப்பாற்றினர். “வயிறு ஒரு நாளும் வலிக்கவில்லையே” என்றுதான் அவர் நம்மிடம் வியந்து கூறினார்.

புண் எவ்வாறு உண்டாகிறது? உணவைச் செரிக்கச் செய்யும் அமிலம் இரைப்பையில் சுரக்கிறது. அவ்வமிலம் இரைப்பையையே அரிக்காதவாறு வழவழப்பான படலம் ஒன்று உட்சுவரைக் காக்கிறது. ஏரிக்குக் கரை எப்படியோ, இரைப்பைக்கு இப்படலம் அப்படி. இக்கரையை அரிப்பவை முக்கியமாக இரண்டு.

முதலாவது, ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் கிருமி. காரமும் கவலையுமே குடற்புண்ணுக்குக் காரணம் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. ஆஸ்திரேலிய மருத்துவர்களான ராபின் வாரனும் பாரி மார்ஷலும் 1982-இல் இக்கிருமியை வளர்த்துக் காட்டினர். 1984-இல் மார்ஷல் அக்கிருமியைத் தாமே அருந்தி இரைப்பை அழற்சிக்கு உள்ளானார். 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது. இக்கிருமி பெரும்பாலும் இளம் பருவத்திலேயே தொற்றிப் பல்லாண்டுகள் தங்கிவிடுகிறது. சுகாதாரம் குறைந்த இடங்களில் எளிதில் பரவுகிறது. எனவே தூய குடிநீரும் கழிப்பறையும் இந்நோய்த் தடுப்புக்கும் உதவுவனவே.

இரண்டாவது, டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் முதலிய மருந்துகள். இவை அப்படலத்தைக் காக்கும் பொருள் உடலில் சுரப்பதைக் குறைக்கின்றன. உணவுக்குப் பின் உட்கொண்டாலும், ஊசியாகப் போட்டுக்கொண்டாலும் இத்தீங்கு முற்றிலும் நீங்குவதில்லை. மூட்டு வலியும் இதய நோயும் உடைய முதியோரே இவற்றை மிகுதியாக உட்கொள்வதால், அவர்களுக்கே அபாயமும் மிகுதி.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள் பின்வருமாறு: தார்போல் கறுத்து, பிசுபிசுத்து, துர்நாற்றம் வீசும் மலம், இரத்தமாகவோ காப்பித்தூள் போன்றோ வாந்தி, காரணமற்ற சோர்வு, தலைசுற்றல், மூச்சிரைப்பு, பசியின்மை, உடல் மெலிதல். இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும். எனினும் அதனைத் தாமே முடிவு செய்துகொள்ளலாகாது. கருமலமோ இரத்த வாந்தியோ கண்டால், 108 ஆம்புலன்சை அழைத்து உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இந்நோய் குணமாகக் கூடியதே. கிருமி இருப்பது உறுதியானால், அமிலத்தைக் குறைக்கும் மருந்துடன் கிருமிக்கொல்லி மருந்துகளும் வழக்கமாக 14 நாட்கள் தரப்படும். நலம் தெரிந்தவுடன் பாதியில் நிறுத்திவிடலாகாது. புகைபிடித்தல் புண் ஆறுவதைத் தடுக்கும். பால் சிறிது நேரம் இதம் தருமேயன்றிப் புண்ணை ஆற்றாது. இதயத்துக்காக ஆஸ்பிரின் உட்கொள்வோர் அதனைத் தாமாக நிறுத்தாமல் மருத்துவரைக் கலந்துகொள்ள வேண்டும்.

ஊராட்சி உறுப்பினர்கள் செய்யத்தக்கது யாது? கிராம சபையில் கருமலத்தின் பொருளை எடுத்துரையுங்கள். பெயர் தெரியாத வலி மாத்திரைகளைப் பெட்டிக்கடையில் வாங்க வேண்டாம் என்று கூறுங்கள். 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் ஊழியர் வீட்டிற்கு வரும்போது, முதியவர் உட்கொள்ளும் மாத்திரைகள் அனைத்தையும் அவரிடம் காட்டச் செய்யுங்கள். முதியவர்கள் தம் துன்பத்தை எளிதில் வெளியிட மாட்டார்கள். நாமே கேட்டறிதல் நம் கடமையாகும்.