மூன்றாம் நாளில் மாண்ட மீன்

மும்பையில் ஓர் இல்லத்தில் கடல்நீர் மீன்தொட்டி ஒன்று புதிதாக அமைக்கப்பட்டது. ஒரு வாரம் சென்றபின் அதில் விடப்பட்ட கோமாளி மீன், மூன்றாம் நாள் காலையில் அடிமணலில் சாய்ந்து கிடந்தது. முந்தைய இரவு அதற்கு உணவிட்டவன் அவ்வீட்டின் பத்து வயதுச் சிறுவன். “நான்தான் கொன்றுவிட்டேனா, அப்பா?” என்று கேட்டான்.

இதற்கு எளிய விடைகள் இரண்டு உண்டு. ‘மீன்தானே, வேறொன்று வாங்கலாம்’ என்பது ஒன்று. ‘எல்லாம் விதி’ என்பது மற்றொன்று. இரண்டுமே கேள்வியைச் செவிமடுக்காத விடைகள். சிறுவன் வேண்டியது ஆறுதலை அன்று, உண்மையை.

மீனின் கழிவிலிருந்தும் எஞ்சிய உணவிலிருந்தும் அம்மோனியா தோன்றுகிறது. பரந்த கடலில் அது செறிவதில்லை. தொட்டியிலோ, அதனை நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் பெருகியாக வேண்டும். அதற்குப் பொதுவாக 4 முதல் 6 வாரங்கள் ஆகும். கடல்நீர் சற்றே காரத்தன்மை உடையதாகையால் அம்மோனியாவின் நச்சும் அதில் மிகுகிறது. தெளிந்த நீரெல்லாம் தூய நீர் அன்று. இதில் ஏமாறுவது கற்றவர்க்கும் நிகழ்வதே.

வேறு காரணங்களும் உண்டு. உப்பின் அளவு திடீரென மாறுவது ஒன்று. வரும்போதே உடன்வந்த நோய் மற்றொன்று. கடலில் சயனைடு தெளித்துப் பிடிக்கப்பட்ட மீன்கள் சில, வீடு வந்தபின் மடிவதுண்டு. வளர்ப்பவர் எவ்வளவு பேணினும் அதைத் தடுக்க இயலாது. ஆகவே, தன்னை நொந்துகொள்ளுமுன் காரணத்தை ஆராய்தல் நேர்மை. நொந்துகொள்பவனின் எண்ணம் தன்னையே சுற்றுகிறது. பொறுப்பேற்பவனின் எண்ணமோ மாண்ட உயிரையும் இனி வரும் உயிரையும் நாடுகிறது.

தந்தை நீரைச் சோதித்தார். அம்மோனியா மிகுந்திருந்தது. “உணவிட்டது நீ, அவசரப்பட்டது நான்” என்றார்.

இருவரும் மீனைத் துளசித் தொட்டியின் அருகிலிருந்த மண்ணில் புதைத்தனர். மறுநாள் முதல் மீனற்ற தொட்டியில் சிறுவன் ஒரு சிட்டிகை உணவு இட்டுவந்தான். அது கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்களுக்காக. நீரின் அளவீடுகளை நாள்தோறும் ஏட்டில் குறித்தான். ஆறாவது வாரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் இல்லை என்றாயின.

“கடைக்குப் போகலாமா?” என்றார் தந்தை.

சிறுவன் ஏட்டை மீண்டும் புரட்டினான். “இன்னும் ஒரு வாரம் பார்ப்போம், அப்பா” என்றான்.