தளம் போடும் முன்னே

ஏழுமலை ஒரு கொத்தனார். வள்ளி அவர் மனைவி. அவர்கள் கோலார் தங்கவயலில் வாழ்கிறார்கள்.

கோலார் தங்கவயல் கர்நாடக மாநிலத்தில் இருக்கிறது. தங்கச் சுரங்கத்தில் வேலை செய்யத் தமிழ் மக்கள் பலர் அங்கே குடியேறினார்கள். 2001ஆம் ஆண்டில் சுரங்கம் மூடப்பட்டது. இப்போது பலர் வேலைக்காகப் பெங்களூருக்குப் போகிறார்கள். விடியும் முன்னே மாரிக்குப்பம் நிலையத்தில் ரயில் ஏறுகிறார்கள். இரவில் வீடு திரும்புகிறார்கள். ஏழுமலையும் அப்படித்தான்.

ஊராருக்கு வீடு கட்டிய ஏழுமலை இப்போது தன் வீட்டைக் கட்டுகிறார். இரண்டு அறை, ஒரு சமையலறை, குளியலறை, கழிப்பறை. சுவர் எழும்பிவிட்டது. சென்ட்ரிங் பலகை அடித்தாகிவிட்டது. மூன்று நாளில் தளத்துக்குக் காங்கிரீட் போட வேண்டும்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. எலக்ட்ரீஷியன் தாஸ் வந்தார். தளத்துக்குள் எங்கெங்கே பைப் போக வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டும்.

"அண்ணே, பெங்களூரில் பெரிய வீடுகளில் வேலை செய்திருக்கிறேன்" என்றார் ஏழுமலை. "'விளக்கைப் போடு' என்று சொன்னால் விளக்கு எரிகிறது. விரலை வைத்தால் கதவு திறக்கிறது. வாசலில் நிற்பது யார் என்று போனில் தெரிகிறது. அதற்கு ஸ்மார்ட் வீடு என்று பெயராம். நம் வீட்டிலும் வைக்கலாமா? வயரிங் செலவு போக 20,000 ரூபாய் இருக்கிறது."

"வைக்கலாம். ஆனால் உன் வயரிங் கணக்கில் எர்த் எங்கே?" என்று கேட்டார் தாஸ்.

"சின்ன வீடுதானே அண்ணே. பிறகு பார்த்துக் கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்."

வள்ளி தேநீர் கொண்டு வந்தாள். அந்தப் பேச்சைக் கேட்டு அப்படியே நின்றாள்.

"என் தம்பி வீட்டிலும் அப்படித்தான் விட்டுவிட்டார்கள்" என்றாள்.

யாரும் பேசவில்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது அது. வள்ளியின் தம்பி குளித்துவிட்டு வந்தான். ஈரக் கையோடு இரும்பு டேபிள் ஃபேனைத் தொட்டான். மின்சாரம் தாக்கியது. மருத்துவமனைக்குப் போகும் முன்பே உயிர் போய்விட்டது. அவனுக்கு வயது 24.

முதலில் காவல்

தாஸ் ஒரு சிறிய பெட்டியை எடுத்து வள்ளியிடம் கொடுத்தார்.

"தங்கச்சி, இதில் என்ன எண் எழுதியிருக்கிறது? படி."

வள்ளி மாலை வகுப்பில் படித்தவள். எழுத்தும் எண்ணும் அவளுக்குத் தெரியும். "30" என்று படித்தாள்.

"ஆமாம். இதன் பெயர் ஆர்.சி.சி.பி. 30 என்பது 30 மில்லி ஆம்பியர். இது எப்படி வேலை செய்கிறது என்று சொல்கிறேன். மின்சாரம் ஒரு கம்பி வழியாக வீட்டுக்குள் வருகிறது. அது பேஸ். வேலையை முடித்துவிட்டு இன்னொரு கம்பி வழியாகத் திரும்புகிறது. அது நியூட்ரல். போன அளவும் திரும்பிய அளவும் சமமாக இருக்க வேண்டும். இந்தப் பெட்டி அதைக் கணக்குப் பார்த்துக் கொண்டே இருக்கிறது. அளவு குறைந்தால் மின்சாரம் வேறு எங்கோ கசிகிறது என்று பொருள். அது ஒரு மனிதன் உடல் வழியாகவும் கசியலாம். கசிவு 30 மில்லி ஆம்பியரை எட்டுவதற்குள், கண் இமைக்கும் நேரத்தில் இது மின்சாரத்தை நிறுத்திவிடும்."

"எங்கள் வீட்டில் எம்.சி.பி. இருக்கிறதே?" என்றார் ஏழுமலை.

"அது வேறு வேலை செய்கிறது. அளவுக்கு மேல் மின்சாரம் ஓடினாலும் கம்பிகள் ஒன்றோடொன்று உரசினாலும் எம்.சி.பி. நிறுத்தும். அது கம்பியைக் காப்பாற்றும். ஆளைக் காப்பாற்றுவது ஆர்.சி.சி.பி. இரண்டும் வேண்டும். எர்த்தும் வேண்டும். ஃபேனின் இரும்பு உடலில் மின்சாரம் இறங்கினால், எர்த் கம்பி அதை மண்ணுக்குக் கொண்டு போகும். மூன்று துளை உள்ள பிளக்கில் பெரிய துளை எர்த்துக்கு உரியது. துளை மட்டும் இருந்தால் போதாது. அதற்குப் பின்னால் கம்பி இருக்க வேண்டும். அந்தக் கம்பி மண்ணில் புதைத்த எர்த் குழாய் வரை போக வேண்டும்."

"அண்ணா, இது இருந்திருந்தால் என் தம்பி பிழைத்திருப்பானா?"

தாஸ் சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்.

"பெரும்பாலும் பிழைத்திருப்பான் தங்கச்சி. ஆனால் இதை நம்பி அலட்சியமாக இருக்கக் கூடாது. பேஸ், நியூட்ரல் இரண்டையும் ஒன்றாகத் தொட்டால் இதற்குத் தெரியாது. பழுது பார்க்கும்போது மெயினை அணைக்கத்தான் வேண்டும்."

ஏழுமலை பேப்பரை எடுத்தார். கணக்கில் முதல் வரியாக 'எர்த், ஆர்.சி.சி.பி.' என்று எழுதினார்.

சுவருக்குள் மறைவது

"சரி அண்ணே. ஸ்மார்ட் வீடு என்றால் என்ன?" என்று கேட்டாள் வள்ளி.

"அது மந்திரம் இல்லை. மூன்று பகுதிதான். ஒன்று உணரும். ஒன்று முடிவு செய்யும். ஒன்று வேலை செய்யும். ஆள் வருவதை ஒரு கருவி உணர்கிறது. இருட்டாக இருக்கிறதா என்று பார்த்து முடிவு செய்கிறது. விளக்கு எரிகிறது. அவ்வளவுதான்."

"இதை எல்லாம் வீடு முடிந்த பிறகு வாங்கினால் ஆகாதா?"

"கருவியைப் பிறகு வாங்கலாம். அதற்கு வழியை இப்போதே விட வேண்டும். காங்கிரீட் போட்ட பிறகு தளத்துக்குள் பைப் நுழைக்க முடியுமா? பூசிய சுவரை உடைத்தால் செலவு எவ்வளவு? அது கொத்தனாருக்குத் தெரியாதா?"

ஏழுமலை சிரித்தார். "பெங்களூரில் அப்படி எத்தனை சுவரை உடைத்திருக்கிறேன்!"

தாஸ் நான்கு வேலைகளைச் சொன்னார்.

1. ஒவ்வொரு சுவிட்ச் பெட்டிக்கும் நியூட்ரல் கம்பி வர வேண்டும். பல வீடுகளில் சுவிட்சுக்குப் பேஸ் கம்பி மட்டும் வருகிறது. ஸ்மார்ட் சுவிட்சுகளில் பலவற்றுக்கு நியூட்ரலும் தேவை.

2. சுவிட்ச் பெட்டி ஆழமாக இருக்க வேண்டும். கருவியைப் பிறகு உள்ளே வைக்க இடம் வேண்டும்.

3. மேல்தொட்டியிலிருந்து மோட்டார் வரை ஒரு காலி பைப் போட வேண்டும். வாசலுக்கும் ஒன்று போட வேண்டும். உள்ளே ஓர் இழுப்புக் கம்பியை விட்டு வைக்க வேண்டும்.

4. எந்தச் சுவரில் எங்கே பைப் போகிறது என்று படம் வரைந்து வைக்க வேண்டும். பிறகு ஆணி அடிக்கும்போது அது உதவும்.

இவற்றுக்குச் செலவு குறைவு. இப்போது விட்டுவிட்டால் பிறகு செலவு அதிகம்.

எது தேவை?

ஏழுமலையின் அம்மா திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக் கொண்டிருந்தார். அவருக்குக் கண் மங்கல். போன மழைக்காலத்தில் இரவில் கழிப்பறைக்குப் போனபோது விழுந்துவிட்டார். இடுப்பு வலி இன்னும் இருக்கிறது.

"கரெண்ட் என்ன புதுசா?" என்றார் அவர். "சுரங்கத்துக்குக் கரெண்ட் வந்த கதையை என் மாமனார் சொல்வார். காவிரியில் சிவசமுத்திரம் என்று ஓர் ஊர். அங்கே அருவித் தண்ணீரில் மின்சாரம் எடுத்தார்கள். 140 கிலோ மீட்டருக்கும் மேலே கம்பி இழுத்து இங்கே கொண்டு வந்தார்கள். அது 1902. பெங்களூருக்கே 1905இல்தான் வந்தது. ஆனால் நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது எங்கள் வீட்டில் சிமினி விளக்குதான். கரெண்ட் ஊருக்கு வந்தால் போதாது. யாருக்குப் பயன்படுகிறது என்று பார்க்க வேண்டும்."

"அப்படியே பார்ப்போம் அம்மா" என்றார் தாஸ். "உங்களுக்கு என்ன வேண்டும்?"

"இருட்டில் சுவிட்சைத் தேடக் கூடாது. அது போதும்."

அதற்கு வழி இருக்கிறது. கட்டிலிலிருந்து கழிப்பறை வரை இரண்டு சென்சார் விளக்குகள் போதும். மனித உடலில் வெப்பம் இருக்கிறது. அந்த வெப்பம் நகர்வதைச் சென்சார் உணரும். உடனே விளக்கு எரியும். ஆள் போன பிறகு தானே அணையும். இதற்கு இன்டர்நெட் வேண்டாம். போனும் வேண்டாம். ஆனால் ஆள் அசையாமல் இருந்தாலும் அணைந்துவிடும். ஆகவே கழிப்பறைக்குள் சாதாரண விளக்கும் சுவிட்சும் இருக்க வேண்டும்.

வள்ளிக்குத் தண்ணீர்க் கவலை. குழாயில் தினமும் தண்ணீர் வராது. வந்த தண்ணீர் மேல்தொட்டி நிரம்பி வழிந்தால் மனம் பதறும். தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்தும் கருவி இருக்கிறது. கீழ்த்தொட்டி வறண்டாலும் அது மோட்டாரை நிறுத்தும். மோட்டார் எரிந்து போகாது.

சமையலறைக்கு கேஸ் எச்சரிக்கைக் கருவி. சமையல் கேஸ் காற்றை விடக் கனமானது. கசிந்தால் கீழே தங்கும். ஆகவே இந்தக் கருவியைத் தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் வைக்க வேண்டும். அது கத்தினால் சுவிட்சைத் தொடக் கூடாது. போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. சிறு தீப்பொறியே போதும், நெருப்புப் பிடிக்கும். ரெகுலேட்டரை மூட வேண்டும். கதவு, ஜன்னலைத் திறக்க வேண்டும். எல்லோரும் வெளியே வர வேண்டும். வெளியே வந்த பிறகு 1906 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும்.

இரண்டு அறைக்கும் பி.எல்.டி.சி. ஃபேன். சாதாரண ஃபேன் சுமார் 75 வாட் மின்சாரம் எடுக்கும். இது சுமார் 30 வாட் எடுக்கும். ரிமோட்டும் உண்டு. படுத்தபடியே வேகத்தைக் குறைக்கலாம்.

"விரல் வைக்கும் பூட்டு? கேமரா?" என்று கேட்டார் ஏழுமலை.

"நீயே சொல். நீ வேலை செய்த வீட்டில் அது எப்படி?"

ஏழுமலை யோசித்தார். "ஒரு நாள் பூட்டில் பேட்டரி தீர்ந்துவிட்டது. அந்த அம்மா ஒரு மணி நேரம் வெயிலில் நின்றார்கள். எங்கள் விரலோ தேய்ந்து போன விரல். சிமென்டில் வேலை செய்யும் விரலை ரேஷன் கடை மெஷினே சில நாள் ஏற்பதில்லை."

"கேமராவை நெட்டில் இணைத்தால் நல்ல கடவுச்சொல் வைக்க வேண்டும்" என்றார் தாஸ். "இல்லாவிட்டால் நம் வீட்டை நாம் மட்டும் பார்க்க மாட்டோம். வேறு யாரோவும் பார்க்கலாம். தேவை வரும்போது வாங்கிக் கொள். வாசலுக்குக் காலி பைப் இருக்கிறதே."

ஏழுமலை பூட்டையும் கேமராவையும் அடித்துவிட்டார். கணக்கைக் கூட்டினார். 20,000 ரூபாய்க்குள் அடங்கியது.

வீட்டில் முதல் இரவு

நான்கு மாதம் கழித்து வீடு முடிந்தது. அன்று இரவு ஏழுமலையின் அம்மா கட்டிலிலிருந்து இறங்கினார். காலடியில் விளக்கு எரிந்தது. இரண்டு அடி வைத்தார். அடுத்த விளக்கு எரிந்தது. சுவரைப் பிடிக்காமல் நடந்தார்.

ஆர்.சி.சி.பி. பெட்டியில் ஒரு சிறிய பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் மின்சாரம் நிற்க வேண்டும். நின்றால் பெட்டி நன்றாக இருக்கிறது என்று பொருள். நிற்காவிட்டால் எலக்ட்ரீஷியனை அழைத்து மாற்ற வேண்டும். மாதம் ஒருமுறை இதைச் சோதிக்க வேண்டும்.

வள்ளி ஒவ்வொரு மாதமும் முதல் தேதியில் அந்தப் பொத்தானை அழுத்துகிறாள். 'டக்' என்று சத்தம் கேட்கிறது. வீடு இருளாகிறது. அந்த ஒரு நொடியில் அவளுக்குத் தம்பியின் நினைவு வருகிறது. பிறகு கையை உயர்த்தி மீண்டும் போடுகிறாள். விளக்கு எரிகிறது.

நினைவில் வைப்போம்

• முதலில் எர்த், எம்.சி.பி., ஆர்.சி.சி.பி. பிறகுதான் மற்றக் கருவிகள்.

• தளம் போடும் முன்னும் சுவர் பூசும் முன்னும் பைப் வேலையை முடிவு செய்ய வேண்டும்.

• எந்தக் கருவியாக இருந்தாலும் கையால் இயக்கவும் வழி வேண்டும். நெட் இல்லாவிட்டாலும் விளக்கு எரிய வேண்டும். கதவு திறக்க வேண்டும்.

• ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்துக் கம்பி, சுவிட்ச் வாங்குவோம். ரசீது கேட்போம்.

• உரிமம் பெற்றவரைக் கொண்டு வயரிங் வேலை செய்வோம்.

கணக்குப் போடுவோம்

1,000 வாட் கருவி 1 மணி நேரம் ஓடினால் 1 யூனிட்.

சாதாரண ஃபேன் 10 மணி நேரம் ஓடினால்: 75 x 10 = 750

பி.எல்.டி.சி. ஃபேன் 10 மணி நேரம் ஓடினால்: 30 x 10 = 300

ஒரு நாள் மிச்சம்: 750 - 300 = 450

30 நாள் மிச்சம்: 450 x 30 = 13,500. அதாவது பதின்மூன்றரை யூனிட்.

இரண்டு ஃபேனுக்கு எத்தனை யூனிட் மிச்சம்? நீங்கள் எழுதுங்கள்: ..............

கூடிப் பேசுவோம்

1. உங்கள் வீட்டில் எர்த் இருக்கிறதா? எப்படித் தெரிந்து கொள்வீர்கள்?

2. எம்.சி.பி. செய்யும் வேலை என்ன? ஆர்.சி.சி.பி. செய்யும் வேலை என்ன?

3. கேஸ் எச்சரிக்கைக் கருவியை ஏன் தரைக்கு அருகே வைக்க வேண்டும்?

4. ஏழுமலை விரல் பூட்டை வேண்டாம் என்று சொன்னது சரியா? உங்கள் கருத்து என்ன?

5. உங்கள் வீட்டில் முதியவர் யார்? அவருக்கு எந்த வசதி முதலில் தேவை? அவரிடமே கேட்டு எழுதுங்கள்.