குப்பை வண்டி கிளம்பவில்லையா?

வீடு வீடாகக் குப்பை சேகரிக்கும் பணிக்கென நம் ஊராட்சிகள் பலவற்றில் இன்று பாட்டரியால் ஓடும் மூன்று சக்கர வண்டிகள் இருக்கின்றன. வெயிலில் தள்ளுவண்டியைத் தள்ளிச் சென்ற தூய்மைக் காவலர்களுக்கு இவை பெருந்துணையாகும். ஆயினும், ஒரு நாள் காலையில் சாவியைத் திருப்பியும் வண்டி அசையாது நின்றுவிடின், அது ஓர் ஓரமாக ஒதுக்கப்படுகிறது. காவலர் மீண்டும் தள்ளுவண்டிக்கே திரும்புகிறார். “மோட்டார் போய்விட்டது” என்று எளிதில் கூறிவிடுகிறோம். மோட்டார் கெடுவது அரிது. குறை பெரும்பாலும் பாட்டரியிலோ, அதனை இணைக்கும் கம்பிகளிலோதான் இருக்கும். அதனைக் கண்டறிய ஒரு மல்டிமீட்டரும் சிறிது பொறுமையும் போதும்.

இவ்வண்டிகள் பலவற்றில் 12 வோல்ட் ஈய அமில பாட்டரிகள் நான்கு, ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கப்பெற்று 48 வோல்ட் தருகின்றன. ஒரே வாய்க்காலில் அடுத்தடுத்து அமைந்த நான்கு மதகுகளைப் போன்றது இது. மூன்று திறந்திருந்தும் ஒன்று அடைபட்டால் கடைமடைக்கு நீர் வாராது. (லித்தியம் பாட்டரி உள்ள வண்டிகளுக்கு இங்குக் கூறுவன பொருந்தா, அவற்றின் பெட்டியை நாம் திறத்தலே கூடாது.)

முதலில் எளியவற்றைப் பார்ப்போம். சார்ஜர் செருகியிருக்கும்போது ஓடாதவாறு சில வண்டிகள் அமைக்கப்பட்டுள்ளன. இருக்கையின் அடியிலுள்ள எம்.சி.பி. விழுந்திருக்கலாம். முன்னே, பின்னே செல்வதற்கான சுவிட்ச் நடுவில் நின்றிருக்கலாம். பிரேக் மிதி முழுதும் மேலெழாமல் சிக்கியிருந்தாலும் மோட்டாருக்கு மின்சாரம் செல்லாது. சேறும் குப்பையும் படியும் வண்டியில் இது வியப்பன்று. விளக்கு எரிகிறது, ஹாரன் ஒலிக்கிறது என்பதனால் பாட்டரி நன்றாக உள்ளதெனக் கொள்ளலாகாது. அவற்றிற்கு வேண்டிய மின்சாரம் மிகச் சிறிது.

இனி பாட்டரிக்கு வருவோம். தொடுமுன் சாவியை எடுத்துவிட வேண்டும். மோதிரம், வளையல்களைக் கழற்றிவிட வேண்டும். சார்ஜ் ஏறும் பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரும். ஆதலால் அருகில் பீடி பற்ற வைத்தல் ஆகாது. முனைகளில் வெண்மையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், இணைப்பைக் கழற்றி, சமையல் சோடா கரைத்த வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்து, உலர்ந்தபின் இறுக மாட்டிப் பெட்ரோலியம் ஜெல்லி பூசுக. சோடாநீர் பாட்டரியின் துளைகளுக்குள் இறங்கலாகாது. பல வண்டிகள் இவ்வளவிலேயே ஓடத் தொடங்கிவிடும்.

அப்பொழுதும் கிளம்பாவிடில், இரவு முழுதும் சார்ஜ் செய்து, சார்ஜரை நீக்கிச் சில மணி நேரம் கழித்து ஒவ்வொரு பாட்டரியையும் தனித்தனியே அளத்தல் வேண்டும். 12.6 அல்லது 12.7 வோல்ட் காட்டினால் முழுமை, 12.2 ஏறத்தாழப் பாதி, 11.9-க்குக் கீழெனில் பெரும்பாலும் காலி. மூன்று பாட்டரிகள் 12.6 காட்ட, ஒன்று மட்டும் 10.5 காட்டுமாயின், அதனுள் உள்ள ஆறு அறைகளில் ஒன்று செத்துவிட்டது என்று பொருள். நான்கும் சரியாக இருந்து, வண்டியைக் கிளப்ப முயலும் நொடியில் ஒன்று மட்டும் 10 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தாலும் குற்றவாளி அதுவே. இச்சோதனையின்போது வண்டியின் முன்னே எவரும் நிற்கலாகாது. பாட்டரிகளில் மொத்தம் 50 வோல்ட் இருந்து, கண்ட்ரோலரின் வாயிலில் அது வந்து சேராவிடில், இடையிலுள்ள கம்பி, எம்.சி.பி., சாவி ஆகியவற்றையே ஐயுற வேண்டும். நெடுநாள் காலியாகக் கிடந்த பாட்டரிகளைச் சில சார்ஜர்கள் அறியவே மாட்டா. அவற்றைக் கடையில் தனித்தனியே ஏற்றிப் பார்க்கலாம்.

மூடி திறக்கும் வகைப் பாட்டரியாயின் நீர்மட்டமும் பார்க்கத் தக்கது. காய்ச்சி வடித்த நீர் தவிர வேறெதுவும் ஊற்றலாகாது. கிணற்று நீரின் உப்பு தகடுகளைக் கெடுக்கும். தகடுகள் வெளியே தெரிந்தால் அவை மூழ்குமளவு மட்டும் ஊற்றிச் சார்ஜ் செய்து, பின்னரே உரிய அளவுக்கு நிரப்ப வேண்டும்.

கெட்டது ஒன்றெனில் நான்கையும் மாற்ற வேண்டுமா? வாங்கிச் சில மாதங்களே ஆகியிருந்தால், அதே வகை, அதே அளவுள்ள ஒன்றை மட்டும் உத்தரவாதத்தின்பேரில் கேட்டுப் பெறலாம். பல்லாண்டு உழைத்த மூன்றோடு புதியது ஒன்றைச் சேர்ப்பது வீண் செலவாகும். பழையன அதனையும் விரைவில் தளர்த்திவிடும். அளந்த எண்களை ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியிட்டுக் குறித்து வைத்தால், விற்பனையாளரிடம் பேசுவது எளிதாகும்.

பழைய பாட்டரிகளை ஊரில் உடைத்தல் கூடாது. அவற்றின் ஈயம் மண்ணுக்கும் குழந்தைகளுக்கும் நஞ்சு. 2022-ஆம் ஆண்டின் பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி அவற்றைத் திரும்பப் பெறச் செய்வது தயாரிப்பாளர்களின் பொறுப்பாகும். விற்பனையாளரிடம் ஒப்படைத்து ரசீது பெற்று, கிடைக்கும் தொகையை ஊராட்சிக் கணக்கில் வரவு வைக்க வேண்டும்.