“டென்ஷன்தான், வேறொன்றுமில்லை”

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கதிரையில் உட்காரும் ஒரு தாய்க்கு நமது வீடுகளில் முதலில் கிடைக்கும் பதில் இதுதான்: “டென்ஷன்தான், வேறொன்றுமில்லை.” இரண்டாவது பதில் “கேஸ்டிரிக்”. ஒரு இஞ்சி பிளேன்டீயோடு விடயம் முடிந்துவிடும். அதே வீட்டில் வாப்பா நெஞ்சைப் பிடித்தால் ஐந்து நிமிடத்தில் முச்சக்கரவண்டி வாசலுக்கு வந்துவிடும். உயர்தர உயிரியலில் சுற்றோட்டத் தொகுதியைப் படிக்கத் தொடங்கிய நாளிலிருந்து இந்த ‘வேறொன்றுமில்லை’ என்ற சொல் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. டென்ஷன் இதயத்துக்குள் போய் என்ன செய்கிறது என்று தேடி வாசித்தேன். அதையே தோழியருக்காகவும், முக்கியமாக இந்த இதழை வீட்டில் வாசிக்கும் உம்மாமாருக்காகவும் எழுதுகிறேன்.

முதலில் ஒரு சிறிய பாடம். இதயத்தின் அறைகள் எந்நேரமும் குருதியால் நிரம்பியிருந்தாலும் இதயத்தசை தனக்குத் தேவையானதை அதிலிருந்து எடுப்பதில்லை. பெருநாடி தொடங்கும் இடத்திலேயே பிரிகின்ற இரண்டு முடியுரு நாடிகள்தான் அதற்கு உணவூட்டுகின்றன. ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்குச் சுமார் 5 லீற்றர் குருதியை வெளியே தள்ளும் இதயம், தனக்கென்று வைத்துக்கொள்வது சுமார் 250 மில்லிலீற்றர் மாத்திரமே. இந்தக் கொஞ்சத்தையும் அது வீணாக்குவதில்லை. உடலின் மற்றப் பகுதிகள் சராசரியாகக் குருதியிலுள்ள ஒட்சிசனில் காற்பங்கை எடுக்கும்போது, இதயத்தசை ஓய்வு நேரத்திலேயே 70 சதவீதத்துக்கு மேல் எடுத்துவிடுகிறது. ஆகவே வேலை கூடும்போது அதற்கு இருக்கும் முக்கிய வழி, முடியுரு நாடிகளில் பாயும் குருதியைக் கூட்டுவதுதான். இன்னொரு சிக்கலும் உண்டு. இடது பக்கத் தசைக்குள் குருதி பெரும்பாலும் பாய்வது இதயம் தளரும் வேளையில். துடிப்பு வேகமாகும்போது அந்தத் தளரும் நேரம்தான் அதிகம் குறைகிறது. அதாவது தேவை கூடும்போதே ஊட்டும் நேரம் சுருங்குகிறது.

இப்போது மன அழுத்தத்துக்கு வருவோம். துரத்தி வரும் நாயும் வங்கியிலிருந்து வரும் கடன் கடிதமும் மூளைக்கு ஏறக்குறைய ஒன்றுதான். பரிவகக்கீழ் எச்சரிக்கை கொடுக்க, பரிவு நரம்புகள் விழித்துக்கொள்கின்றன. சிறுநீரகங்களின் மேல் அமர்ந்திருக்கும் அதிரீனற் சுரப்பிகள் அதிரினலினைக் குருதியில் கலக்கின்றன. துடிப்பு ஏறுகிறது, குருதியமுக்கம் ஏறுகிறது. நாய் துரத்தினால் ஓடிக் களைத்துப்போவோம், பிறகு எல்லாம் தணியும். கடன் கடிதத்தை வைத்துக்கொண்டு ஓட முடியாது. உம்மா அதை அலுமாரிக்குள் மடித்து வைத்துவிட்டுச் சோறாக்கப் போய்விடுவார்.

ஆரோக்கியமான குருதிக்கலன் இதைச் சமாளிக்கும். அதன் உட்புறத்தை மூடியிருக்கும் அகவணிக் கலங்கள் நைத்திரிக் ஒட்சைட்டு என்ற வாயுவைச் சுரந்து, சுவரிலுள்ள மழமழப்பான தசையைத் தளர்த்திவிடும். கலன் விரியும், குருதி கூடும். இவ்வளவு சின்ன வாயு மூலக்கூறு இப்படியொரு வேலை செய்கிறது என்பதைக் கண்டறிந்ததற்காகத்தான் பேர்ச்கொட், இக்னாரோ, முராட் ஆகிய மூவருக்கும் 1998இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. நீரிழிவு, உயர் குருதியமுக்கம், கொலஸ்திரோல், புகை ஆகியவற்றால் அந்த உட்படை பழுதடைந்திருந்தால் கதை மாறிவிடும். விரிய வேண்டிய நேரத்தில் கலன் சுருங்கும். 1991இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் இதை நேரிலேயே பார்த்தார்கள். அஞ்சியோகிராம் செய்துகொண்டிருக்கும்போதே நோயாளிகளிடம் மனக்கணக்குச் செய்யச் சொன்னார்கள். கொழுப்புப் படிந்து பழுதடைந்த பகுதிகள், கணக்குச் செய்யும்போது சுருங்கின; வழுவழுப்பாக இருந்த பகுதிகள் சுருங்கவில்லை. கணிதப் பாடம் வந்தால் நெஞ்சடைக்கிறது என்று சொல்லும் என் வகுப்புத் தோழியர் இதை ஆசிரியையிடம் சான்றாகக் காட்ட வேண்டாம். உங்கள் குருதிக்கலன்கள் நன்றாகத்தான் இருக்கும்.

பெண்களுக்கு இதில் தனியாக என்ன என்று கேட்கலாம். அஞ்சியோகிராம் படத்தில் தெரிவது பெரிய நாடிகள்தான். அவற்றிலிருந்து பிரிந்து தசைக்குள் நுழையும் தலைமயிர் போன்ற சிறு கலன்கள் அதில் தெரியாது. ஆனால் எந்தப் பகுதிக்கு எவ்வளவு குருதி போகவேண்டும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை அவைதான். பிரதான குழாயில் அடைப்பே இல்லாமல் வீட்டுக் குழாய்களெல்லாம் இறுகிப்போனால் தண்ணீர் வருமா? 1996இல் அமெரிக்காவில் தொடங்கிய ஒரு பெரிய ஆய்வில், நெஞ்சு வலியோடு வந்து, பெரிய அடைப்பு எதுவும் காணப்படாத பெண்கள் பரிசோதிக்கப்பட்டார்கள். அவர்களில் ஏறத்தாழ அரைவாசிப் பேருக்கு இந்தச் சிறு கலன்கள் சரியாக விரியவில்லை. “படம் சுத்தமாக இருக்கிறது” என்று திருப்பி அனுப்பப்படும் பெண்கள் பலர் இவர்களைப் போன்றவர்களே.

நான் வாசித்தவற்றுள் என்னை அதிகம் யோசிக்க வைத்தது அத்லாந்தா நகரின் எமரி பல்கலைக்கழகத்தில் வயோலா வக்கரினோ என்ற பெண் ஆய்வாளரின் குழு செய்த பரிசோதனை. மாரடைப்பு வந்து தப்பிய, 61 வயதுக்கு மேற்படாத ஆண்களையும் பெண்களையும் அழைத்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு துன்பமான சூழ்நிலை கொடுக்கப்பட்டது: முதியோர் இல்லத்தில் இருக்கும் உங்கள் உறவினரை அங்கே மோசமாக நடத்துகிறார்கள் என்பது போல. யோசிக்க இரண்டு நிமிடம். பிறகு கமெராவுக்கும், வெள்ளை அங்கி அணிந்து முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கும் முன்னால் நின்று மூன்று நிமிடம் பேச வேண்டும். தமிழ்மொழித்தினப் போட்டி மேடையில் நின்றவர்களுக்கு அந்த மூன்று நிமிடம் எவ்வளவு நீளம் என்று தெரியும். அந்த வேளையில் சிறிதளவு கதிரியக்கப் பொருளை நாளத்தில் ஏற்றி, இதயத்தசையின் எந்தப் பகுதிக்குக் குருதி போய்ச் சேரவில்லை என்று படமெடுத்தார்கள். ஆண்களில் 11 சதவீதமானோருக்குக் குருதியூட்டம் குறைந்தது. பெண்களில் 22 சதவீதம், சரியாக இரண்டு மடங்கு. ஆண்களில் இது துடிப்பும் அமுக்கமும் ஏறி இதயத்தின் வேலைப்பளு கூடியதோடு சேர்ந்து வந்தது. பெண்களில் சிறு கலன்கள் இறுகியதோடு சேர்ந்து வந்தது. இப்படிக் குருதியூட்டம் குறையும்போது பலருக்கு வலியே தெரிவதில்லை என்பதும் கவனிக்க வேண்டியது.

என் சாச்சியின் விடயத்தையும் சொல்ல வேண்டும். அவரிடம் அனுமதி கேட்டுத்தான் எழுதுகிறேன். சாச்சிக்கு 48 வயது, நீரிழிவு உண்டு. மூத்த மகன் கட்டாரில் வேலையிழந்த மாதத்திலிருந்து, தொலைபேசி மணி அடித்தாலே நெஞ்சில் பாரம் ஏறி இடது தாடைவரை இழுக்கும். ஒரு வைத்தியசாலையில் அஞ்சியோகிராம் செய்து, “அடைப்பு இல்லை, வீணாக யோசிக்காதீங்க” என்று அனுப்பிவிட்டார்கள். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு வீட்டில் யாரும் அவரது வலியை நம்பவில்லை. கடைசியில் அவரே நம்பவில்லை. ஏழு மாதத்துக்குப் பிறகு வேறொரு வைத்தியர்தான் சிறு கலன்களைப் பற்றி ஒரு தாளில் படம் வரைந்து விளக்கி, மருந்தும் கொடுத்தார். மருந்தைவிட அந்தப் படம்தான் சாச்சிக்கு முதலில் நிம்மதி தந்தது என்று நினைக்கிறேன். அந்தத் தாள் இன்னும் அவரது கைப்பையில் இருக்கிறது.

திடீர் அதிர்ச்சி இன்னொரு விதமாகவும் இதயத்தைத் தாக்கும். இடது இதயவறையின் நுனி செயலிழந்து பலூன் போல உப்பிவிடும். ஜப்பானிய வைத்தியர்கள் இதை முதலில் விவரித்தபோது, ஒக்டோபஸ் பிடிக்கும் ஒடுங்கிய வாயுள்ள பானையை ஒத்த அதன் வடிவத்தால் ‘தக்கோத்சுபோ’ என்று பெயரிட்டார்கள். இதற்கு ஆளாகிறவர்களில் ஏறத்தாழ 90 சதவீதமானோர் பெண்கள், அதிலும் பெரும்பாலும் மாதவிடாய் நின்றவர்கள். 2004 ஒக்டோபர் 23இல் ஜப்பானின் நீகாத்தா பகுதியில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. அதைத் தொடர்ந்த வாரங்களில் அப்பகுதி வைத்தியசாலைகளுக்கு இந்நோயோடு வந்தவர்களின் தொகை திடீரென்று உயர்ந்தது. அநேகருக்குச் சில வாரங்களில் இதயம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஆனால் ஆரம்ப நாட்கள் ஆபத்தானவை. வீட்டில் வைத்துப் பார்க்கும் நோயல்ல.

வாசிக்கும் உம்மாமார் பயந்துவிடக் கூடாது. ஒரு நாள் கோபத்தாலோ ஒரு பரீட்சைப் பயத்தாலோ நல்ல இதயம் நின்றுவிடுவதில்லை. கவனிக்க வேண்டியவர்கள் நீரிழிவும் குருதியமுக்கமும் உள்ளவர்கள். கர்ப்ப காலத்தில் மட்டும் சீனியோ பிரஷரோ கூடி, பிள்ளை கிடைத்ததும் குறைந்தவர்களையும் அவர்களோடு சேர்க்க வேண்டும். அவர்களுக்குப் பிற்காலத்தில் இதயநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்பது நம் ஊர்களில் பெரும்பாலும் யாரும் எடுத்துச் சொல்லாத விடயம். பெண்களுக்கும் மாரடைப்பின் பிரதான அறிகுறி நெஞ்சு வலிதான். அதோடு மூச்சு வாங்குதல், குமட்டல், குளிர்ந்த வியர்வை, முதுகிலோ தாடையிலோ தோளிலோ நோவு, காரணமில்லாத கடும் களைப்பு ஆகியனவும் சேர்ந்து வரலாம். சில நேரம் இவை மட்டுமே வரும். அப்படி வந்தால் சோறு வடிக்கும் வரை காத்திருக்காமல் 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்பியூலன்ஸுக்குக் கட்டணம் இல்லை. டென்ஷனா மாரடைப்பா என்பதை ஈ.சி.ஜி.யும் குருதிப் பரிசோதனையும் சொல்லட்டும், நாம் சொல்ல வேண்டாம்.

சுவீடனின் ஸ்டொக்ஹோமில் செய்யப்பட்ட இரண்டு ஆய்வுகளைத் தந்தைமாரும் வாசிக்க வேண்டும். 2000ஆம் ஆண்டு வெளிவந்த முதலாவது, ஏற்கெனவே இதயநோய் வந்த பெண்களைப் பல வருடங்கள் பின்தொடர்ந்தது. தொழிலிடத்து அழுத்தத்தைவிட இல்லற வாழ்வின் கடும் அழுத்தமே அவர்களைப் பாதித்தது. அந்த அழுத்தத்தோடு வாழ்ந்த பெண்களுக்கு நோய் திரும்பத் தாக்கும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. இரண்டாவது ஆய்வு 2009இல் வெளிவந்தது. இதயநோய் வந்த 237 பெண்களை இரு பிரிவாக்கினார்கள். வழமையான சிகிச்சை இரு பிரிவுக்கும் கிடைத்தது. ஒரு பிரிவினர் மட்டும் அதற்கு மேலாக நாலு முதல் எட்டுப் பேர் வரையான சிறு குழுக்களாக ஒரு வருடத்தில் 20 தடவை கூடினார்கள். குழுவில் பெண்கள் மாத்திரமே. தங்கள் நோயைப் பற்றிக் கற்றார்கள், உடலைத் தளர்த்தப் பழகினார்கள், வீட்டிலும் வேலையிலும் அழுத்துகின்றவற்றைப் பேசி அவற்றை எப்படி எதிர்கொள்வது என்று பயின்றார்கள். சராசரியாக ஏழு வருடங்களுக்குப் பின் கணக்குப் பார்த்தபோது, வழமையான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 20 சதவீதமானோர் இறந்திருந்தார்கள். கூடிப் பேசிய பெண்களில் 7 சதவீதம்.