வீட்டு ஒலிக்கருவிகளின் வண்ணமும் மெருகும்

இசை செவிக்கு உரியது. எனினும், வானொலியோ இசைத்தட்டுப் பெட்டியோ ஒலிபெருக்கியோ வாங்கச் செல்வோர் பலர் விரைவில் வினவுவது, "இது வேறு நிறத்தில் உண்டா?" என்பதே. இதனைப் பேதைமை என நகுவாரும் உளர். அக்கருவிகள் வண்ணமும் மெருகும் பெற்ற வரலாற்றை ஆராயுங்கால், அவ்வினா நகைத்தற்குரியதன்று என்பது புலனாம்.

முதற்கண் மரத்தை நோக்குவோம். 1877-ஆம் ஆண்டில் எடிசன் ஒலியைப் பதிந்து மீட்டும் கருவியை இயற்றினார். பின்னர் வந்த கிராமபோன்களில் பெரிய ஊதுகுழல் வெளியே நீண்டு நின்றது. அமெரிக்காவின் விக்டர் நிறுவனத்தார் 1906-இல் விக்ட்ரோலா என்னும் கருவியை வெளியிட்டு, அக்குழலை மடக்கி மரப்பேழையினுள் மறைத்தனர். மகாகனி, ஓக் முதலிய மரங்களாலான அப்பேழை கூடத்திலுள்ள ஏனைய தட்டுமுட்டுகளுக்கு இனமாய் அமைந்தது. அதன் முன்கதவுகளைத் திறப்பின் ஒலி மிகும், சார்த்தின் குறையும். அழகுக்கென அமைந்தது பயனும் தந்தது.

அடுத்து வந்தது பேக்கலைட்டு. பேக்கலாண்டு என்பார் 1907-இல் கண்ட இச்செயற்கைப் பிசின், மரத்தூள் முதலியவற்றோடு கலந்து அச்சில் வார்க்கப்படுவதாதலின், பெரும்பாலும் பழுப்பும் கறுப்புமே ஏற்றது. வெல்ஸ் கோட்ஸ் வகுத்த எக்கோ ஏ.டி. 65 என்னும் வட்ட வடிவ வானொலி, 1934-இல் இங்கிலாந்தில் இப்பொருளால் எழுந்தது. கலவைத்தூள் இல்லாது வார்க்கப்பட்ட கேட்டலின் என்னும் மற்றொரு பிசினோ ஒளிமிக்க நிறங்களை எல்லாம் ஏற்றது. அமெரிக்காவில் பாடா, எமர்சன் முதலிய நிறுவனங்கள் அதனாற் பல வானொலிகள் செய்தன. ஆயின் காலம் அந்நிறங்களை விட்டுவைக்கவில்லை. வெண்மையாய்ப் பிறந்தவை தேன்நிறம் எய்தின. நீலமாய்ப் பிறந்தவை மஞ்சள் படர்ந்து பச்சையாயின. இன்று அவற்றைச் சேர்த்துவைப்போர் மேற்பரப்பைத் தேய்த்து நீக்கின், பிறந்த நிறம் உள்ளிருந்து வெளிப்படுகின்றது.

1956-இல் செருமனியின் பிரவுன் நிறுவனத்தார் எஸ்.கே. 4 என்னும் கருவியை வெளியிட்டனர். ஹான்ஸ் குகெலோட், டீட்டர் ராம்ஸ் ஆகிய இருவரும் அதனை வகுத்தோர். உடல் வெண்மை பூசிய தகடு. இருபுறமும் எல்ம் மரம். மூடியோ உள்ளிருப்பதை ஒளியாது காட்டும் தெளிந்த பிளாஸ்டிக்கு. மக்கள் அதனைப் 'பனிவெண்மகளின் சவப்பெட்டி' என நகையாடினர். எனினும், கருவி தன்னைக் கருவியாகவே காட்டலாம் என்னும் துணிவு அன்று பிறந்தது.

கருமை குறித்தும் ஒன்று சொல்லுதும். 1970-ஆம் ஆண்டுகளில் வெள்ளி நிறத்தில் மிளிர்ந்த ஒலிமிகுப்பிகள், அடுத்த பத்தாண்டில் பெரும்பாலும் கருநிறம் பூண்டன. அது காலத்தின் விருப்பம். ஆனால் அவற்றின் வெப்பம் போக்கும் அலுமினியத் தகடுகளின் மெருகு விருப்பம் மட்டுமன்று. பளபளக்கத் தேய்த்த அலுமினியம், முழுமையாய் வெப்பத்தை வீசவல்ல ஒரு பரப்பு வீசுவதில் நூற்றுக்கு ஐந்து பங்களவே வீசும். மின்முறையால் ஆக்சைடுப் படலம் ஏற்றியதோ எண்பது பங்களவு வீசும். இதில் வியப்பு யாதெனின், அப்படலம் நிறமற்றதாயினும் ஏறக்குறைய அதே பயனைத் தரும் என்பதே. வேலை செய்வது கண்ணுக்குத் தோன்றும் கருமையன்று, படலமே.

இனித் தேர்வோர் அறியத்தக்கன சில: கண்ணாடி போன்ற கருமெருகு கைரேகையையும் தூசியையும் மறையாது காட்டும், மங்கல் மெருகு அவற்றைப் பொறுக்கும். வெயில் நேரே படும் இடம் மரமெருகுக்கு ஆகாது. படக்காட்சித் திரையின் அருகே வைப்பதற்கு ஒளி மீளாத கருமையே நன்று.

இறுதியாக ஒன்று. இக்காலத்து ஒலிபெருக்கிப் பெட்டிகள் பல, மரநாரைப் பிசினோடு அழுத்திய பலகையின்மேல் மெல்லிய மரத்தோல் ஒட்டப்பெற்றவை. ஒருபுறம் மட்டும் ஒட்டின், காற்றின் ஈரம் ஏறியிறங்குங்கால் பலகை வளையும். ஆதலின் நல்ல தச்சர் எவரும் காணாத உட்புறத்திலும் தோல் ஒட்டுவர். வெளிப்புறத்தை நேராக நிறுத்துவது அவ்வுட்புறமே. வெளியே சுண்ணம் தீற்றிய கல்லறைகளைக் குறித்துத் திருமறை எச்சரிப்பதை அறிந்த நாம், இத்தச்சரின் தொழிலை எளிதாய்க் கடந்துபோதல் இயலாது. தேர்வுத்தாளும் மேடைப்பேச்சும் நமக்கு வெளிமெருகு தருவன. எவரும் காணாப் பக்கத்தில் யாம் ஒட்டியிருப்பது யாது என்பதே நம்மை நாம் வினவத்தக்கது.