புள்ளியோடு நின்றுவிடாதே

கூடலூரில் பூச்சிப் படம் எடுக்கும் தம்பிக்கு,

இரண்டு வண்டுக்கும் கறுப்பு முதுகு, இரண்டிலும் புள்ளி, இரண்டும் தரையில் ஓடி இரை பிடிப்பவை. எதை வைத்துப் பிரிப்பது என்று கேட்டிருந்தாய். புள்ளியை எண்ணினால் போதாதா என்றும் எழுதியிருக்கிறாய். போதாது, தம்பி.

பெரியது ஆந்தியா செக்ஸ்குட்டாட்டா. 1775இல் ஃபப்ரீசியஸ் விவரித்த இனம். மார்பின்மேல் இரண்டு, முன்னிறகில் நான்கு என ஆறு வெள்ளைப் புள்ளிகள். ஆனால் தென்னிந்தியப் புதர்க்காடுகளில் ஏழு புள்ளிக் கரப்பான் ஒன்று உண்டு. இந்த வண்டின் சாயலைக் காட்டித்தான் அது தப்பிப் பிழைக்கிறது என்று கருதுகிறார்கள். ஆகவே முதுகின் நடுவைப் பார். வண்டின் முன்னிறகுகள் நேர்கோட்டில் சேரும். கரப்பானுக்கு ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கிடக்கும்.

சின்னது ஃபெரோப்சோஃபஸ் பேரினத்தைச் சேர்ந்த குண்டெறியும் வண்டு. தலை மஞ்சள். முன்னிறகின் நுனி கத்தரித்தாற்போல் முடிவதால் வயிற்றின் கடைசி வெளியே தெரியும். ஆயுதம் அங்கேதான். ஹைட்ரோகுவினோனும் ஹைட்ரஜன் பெராக்சைடும் ஒரு பையில், நொதிகள் அடுத்த அறையில். சீண்டினால் எல்லாம் கலந்து, ஏறக்குறைய 100 டிகிரி செல்சியஸ் சூட்டில், சத்தத்தோடு பீய்ச்சும். விரலில் பழுப்புக் கறை விழும். ஆந்தியா பீய்ச்சுவதோ ஃபார்மிக் அமிலம், கண்ணில் படக்கூடாது. முகத்தைத் தரையோடு வைத்துப் படம் எடுக்கும் பழக்கத்தை அதனிடம் விட்டுவிடு. பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் கிட்டே போகாதே.

படத்தில் விழாத வேறுபாடுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. குண்டெறி வண்டு ஈரமண்ணை நாடும். முல்லைப்பெரியாற்றுத் தண்ணீர் பாயும் வயல் வரப்பில் கல்லைப் புரட்டித் தேடு; பார்த்ததும் கல்லை இருந்தபடியே வைத்துவிடு. அந்தப் பேரினத்தில் சிலவற்றின் புழுக்கள் பிள்ளைப்பூச்சி முட்டைகளைத் தின்றே வளர்கின்றன, விவசாயிக்கு வேண்டப்பட்டவை. குண்டெறி வண்டுக்குப் பறக்கத் தெரியும், இரவில் விளக்கு வெளிச்சத்துக்கும் வரும். ஆந்தியாவால் பறக்க முடியாது. காலால் நடந்து போகும் தூரம்தான் அதன் உலகம். மலையடிவார முள்காட்டைத் திருத்திக் கொடிப்பந்தல் போட்டால், அங்கிருந்த ஆந்தியாவுக்குப் போக்கிடம் இல்லை. இதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

அதனால்தான் சொல்கிறேன்: லோயர்கேம்ப் பக்கத்துப் புதர்களுக்கு மழை பெய்ததும் போ. ஆந்தியா கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் இடம், தேதி, நேரம், மண்ணின் ஈரம், சுற்றியிருந்த செடி எல்லாவற்றையும் எழுதிவை. இதுவரை எடுத்த படங்களுக்கும் நினைவு மங்கும் முன் எழுதிவிடு.