‘ஸ்பேஸ் மரீன்’ யார் சொத்து?

கேள்வி: அறிவியல் புனைகதையில் எல்லோரும் எழுதும் ஒரு சொல்லை, டிரேட்மார்க் என்று சொல்லி ஒரு கம்பெனி தடுக்க முடியுமா?

பதில்: தடுத்துப் பார்த்திருக்கிறார்கள். பிரிட்டனின் கேம்ஸ் வொர்க்‌ஷாப், விளையாட்டுகளுக்கும் பொம்மைகளுக்கும் ‘ஸ்பேஸ் மரீன்’ (விண்வெளிப் படைவீரர்) என்ற பெயரைப் பதிவு செய்திருந்தது. அதைக் காட்டி, அமெரிக்க எழுத்தாளர் எம்.சி.ஏ. ஹோகார்த்தின் ‘ஸ்பாட்ஸ் தி ஸ்பேஸ் மரீன்’ நாவல்மீது புகார் கொடுத்தது. 2012 டிசம்பரில் அமேசான் மின்னூலை எடுத்துவிட்டது. 1932-லேயே ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ இதழில் பாப் ஓல்சன் எழுதிய கதைத் தலைப்பில் இதே சொல் இருக்கிறது! கோர்ட் வாசலை மிதிக்காமல், ஒரே புகாரில் புத்தகத்தை முடக்கியது அநியாயம். வழக்காட ஹோகார்த்திடம் பணமில்லை. வாசகர்கள் கொதித்தார்கள், டிஜிட்டல் உரிமைகளுக்காகப் போராடும் எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் தலையிட்டது. 2013 பிப்ரவரியில் நாவல் மறுபடி விற்பனைக்கு வந்தது.